ஒன்பதே கால்

இஷா தொழுது, சட்டி கழுவி,
மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து,
உளுந்தை ஊறப் போட்டுவிட்டு
ஒன்பதே காலுக்கு
மாடிப்படியின் ஏழாம் படியில் உட்காருகிறேன்.
கிச்சிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள்
இரண்டு கோடு சிக்னல் கிடைப்பது அங்கேதான்.

நான் ஆலிமா இல்லை.
ஐந்து ரோட்டுக் கண் மருத்துவமனையில் பில் போடுகிறவள்.
ஆரம்பித்த அன்றே சொல்லிவிட்டேன்:
ஓதத் தெரியும், அர்த்தம் கொஞ்சம் தெரியும்,
மிச்சத்தைச் சேர்ந்து படிப்போம்.
இணைப்பு போனது முப்பத்தெட்டுப் பேருக்கு.
முதல் நாள் வந்தவர்கள் மூன்று பேர்.
அதில் ஒருவர் என்னுடைய இன்னொரு போன்.

இப்போது பதினொரு பேர்.
ஏற்காட்டிலிருந்து ஜுனைதா,
காப்பித் தோட்டத்துக் கணக்கர் வீட்டுக்காரி.
மேகம் இறங்கினால் அவள் திரையில் உறைந்துபோவாள்,
வாய் பாதி திறந்தபடி.
அந்த முகத்தை வைத்துக்கொண்டே
அரைமணி நேரம் வகுப்பு நடக்கும்.
குகையிலிருந்து மெஹராஜ் பேகம்,
கொலுசுக்கு முத்து கோர்த்துக்கொண்டே கேட்பாள்.
மைக்கைத் திறந்தால்
சூராவுக்குள் வெள்ளி உதிரும்.

விதி ஒன்றே ஒன்று:
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.
தெரியாதவை நாற்பது பக்க நோட்டில் ஏறும்.
வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் போகும் தம்பி
அதைக் கோட்டைப் பக்கம் ஹஜ்ரத்திடம் கொடுப்பான்.
பதில்களோடு திரும்பி வரும்.
ஒருமுறை பதினேழாம் கேள்விக்கு எதிரே
பென்சிலில் எழுதியிருந்தார்:
தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.
அன்றைக்கு எங்களுக்கு
எதற்கென்று தெரியாத ஒரு சந்தோஷம்.

சண்டை வந்தது ஓர் எழுத்தால்.
ரமளான் என்றாள் பொன்னம்மாப்பேட்டை தௌலத்.
ராவுத்தர் வீட்டு நாக்கு.
ரம்ஜான் என்றாள் மெஹராஜ்.
வீட்டில் தக்கனி பேசுகிறவள்.
"உங்க ஆளுங்களுக்கு ளாத்து வராது."
"உங்களுக்கு மட்டும்? அது வெறும் ள."
நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லைத் தொட வேண்டும்
என்று படித்ததை நான் சொல்லிவைக்க,
பத்துப் பேரும் கேமராவை அணைத்துவிட்டு
இருட்டில் அவரவர் நாக்கைத் தேடினோம்.
ஒருத்திக்கும் வரவில்லை.
முற்பகலைப் பற்றிய சூராவை எடுத்திருந்தோம்,
முதல் சொல்லையே தாண்டவில்லை.

"எளுத்துன்னா எனக்கு பயம் ஆபா" என்றாள் மெஹராஜ்.
நாலாம் வகுப்பில், மழையை மளை என்று படித்ததற்கு
விரல் முட்டியில் அடி வாங்கினாளாம்,
ஸ்கேலின் கூர்ப்பக்கத்தால்.
அதற்கப்புறம் வாய்விட்டு எதையும் படித்ததில்லையாம்.
தௌலத் ஒன்றும் சொல்லவில்லை.
சற்றுப் பொறுத்து
மழை, என்றாள், மெதுவாக.
மழ்ழை.
எங்கே, நாக்கை மடி.
உறைந்திருந்த ஜுனைதா அப்போதுதான் உருகி,
நடந்தது ஏதும் அறியாமல்,
"இங்கே செம மழை, கேக்குதா?" என்றாள்.
அவள் தகரக் கூரைச் சத்தம்
பதினொரு வீட்டிலும் பெய்தது.

பத்து நாற்பதுக்கு துஆ, ஸலாம்.
சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
எல்லோருக்கும் முடித்துவிடவா
என்று கேட்கிறது போன், தினமும் கேட்பதுபோல.
இன்னும் ஒரு சதுரம் மிச்சம்.
மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள் மெஹராஜ்.
முத்துகள் கிண்ணத்தில் விழும் சத்தம்.
நடுவில் அவள் குரல், தனக்குத் தானே,
ஒருமுறை ளாத்து, ஒருமுறை ழ,
இரண்டும் சரியில்லை,
மறுபடியும்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.
ஊறிய உளுந்து காத்திருக்கட்டும்.
இரண்டு கோடு ஒன்றாகும்வரை
ஏழாம் படியில் இருக்கிறேன்.